1,650 டாலருக்கு என்ன ட்ரெய்லர் கிடைக்கும்?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் டெக்சஸில், ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன்னால் என் கணவர் 20 அடி ஃபைபர் படகு ஒன்றை ட்ரெய்லரோடு சேர்த்து செகண்ட் ஹேண்டில் வாங்கினார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இரண்டும் 2015 மாடல். இரண்டு வாரத்துக்கு முன்னால் லூயிஸ்வில் ஏரிக்குப் போகும் வழியில், சிக்னலில் நின்றுகொண்டிருந்த எங்களைப் பின்னாலிருந்து ஒரு பிக்கப் இடித்துவிட்டது. ட்ரெய்லரின் சட்டம் வளைந்து, ஒரு பக்கச் சக்கரம் சாய்ந்துவிட்டது. படகு பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது வண்டி இழுத்துப் போகும் டோ கம்பெனியின் யார்டில் அந்த வளைந்த ட்ரெய்லர் மேலேயே நிற்கிறது.

இடித்தவரின் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் வெல்டிங் வைத்துக்கொள்ளச் சொன்னது. இப்போது ட்ரெய்லருக்கு 1,650 டாலர் தருகிறோம் என்கிறது. கடையில் புதிது 5,900 டாலர், வரி தனி. “உங்கள் பிரேக் விளக்கு எரியவில்லை என்று எங்கள் வாடிக்கையாளர் சொல்கிறார்” என்றும் போனில் சொன்னார்கள். எங்கள் சொந்தப் படகுப் பாலிசியில் ட்ரெய்லருக்கு 2,500 என்று இருக்கிறது, டிடக்டிபிள் (நாங்கள் கையிலிருந்து ஏற்க வேண்டிய பங்கு) 500. கணவருக்கு அன்றிலிருந்து கழுத்து வலி விட்டுவிட்டு வருகிறது. எந்த வழியில் போனால் புது ட்ரெய்லர் கிடைக்கும்? வீட்டு இன்சூரன்ஸில் கேட்கலாமா?

பி.கு.: இந்தச் சாக்கில் கொஞ்சம் பெரிய ட்ரெய்லராக வாங்கிவிடலாம், பிற்பாடு பெரிய படகுக்கு உதவும் என்கிறார். சரிதானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். படகு வேண்டாம் என்று சொன்னவர் தலையிலேயே பேப்பர் வேலை முழுவதும் வந்து விழுவது இந்த ஊரில் புதிதல்ல. இருபது வருடத்துக்கு மேல் ஹூஸ்டன் பக்கம் படகு, ஆர்.வி. (வீடு மாதிரி தங்கிப் போகும் வண்டி) க்ளெய்ம்களில் சேதத்தைப் பார்த்து விலை போடும் அட்ஜஸ்டராக இருந்தேன். என் மேசைக்கு வந்த படகுக் கோப்புகளில் பாதியை நடத்தியவர்கள் வீட்டுப் பெண்கள்தான். அவர்கள் நடத்திய கோப்புகளில் ரசீது தொலைவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்டது ட்ரெய்லரைப் பற்றி. கேட்காமல் விட்டது இரண்டு: படகு, உங்கள் கணவரின் கழுத்து. அந்த இரண்டும் ட்ரெய்லரைவிடப் பெரியவை. அங்கே வருகிறேன், முதலில் உங்கள் கேள்வி.

புது ட்ரெய்லர் கொடுக்க வேண்டிய கடமை இடித்தவரின் கம்பெனிக்குக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மூன்று மாதம் 5,900-ஐப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். விபத்துக்கு முந்தைய நிமிடம் உங்கள் ட்ரெய்லர் சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும், அதுதான் அவர்கள் தர வேண்டியது. ஆனால் 1,650 அந்த விலை இல்லை. அது எங்கே பிறந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும், ஏனென்றால் நானும் அந்தக் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

கார் நொறுங்கினால் அட்ஜஸ்டருக்கு வேலை சுலபம். அதே மாடல், அதே மைலேஜ், அதே ஊரில் விற்ற பத்துக் கார்களின் விலையை மென்பொருளே எடுத்துத் தரும். படகு ட்ரெய்லருக்கு அப்படி எதுவும் கிடையாது. காரணம் எளிது: பழைய படகு ட்ரெய்லரைத் தனியாக விற்பவர்கள் குறைவு, பெரும்பாலும் படகோடு சேர்ந்தேதான் கை மாறும். ஒப்பிட ஒன்றும் கிடைக்காத அட்ஜஸ்டர் என்ன செய்வார்? இணையத்தில் முதலில் கண்ணில் படும் ட்ரெய்லரின் புது விலையை எடுப்பார், வயதுக்குப் பாதியைத் தள்ளுவார். உங்கள் எண்ணையே பாருங்கள். 1,650-ஐ இரண்டால் பெருக்கினால் 3,300. அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சின்ன அலுமினிய மீன்பிடிப் படகைத் தாங்கும் ட்ரெய்லராக இருக்கும். உங்கள் படகை அதில் ஏற்றினால் ஏரி வரைகூடப் போய்ச் சேராது.

ஆகவே முதல் வேலை, கணக்குத் தாளை எழுத்தில் கேளுங்கள். “1,650-க்கு எப்படி வந்தீர்கள், எந்த ட்ரெய்லரின் விலையை எடுத்தீர்கள், எத்தனை விழுக்காடு கழித்தீர்கள், ஏன்?” இவ்வளவுதான் மின்னஞ்சல். கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம். அட்ஜஸ்டர் கெட்டவர் இல்லை. அவர் கையில் உங்கள் கோப்பைப் போல நூறு இருக்கும், எதில் கேள்வி வரவில்லையோ அதை முதலில் மூடுவார். வயதைக் கணக்கிட்டு வருடத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழிப்பது அலுவலக வசதிக்கான வழக்கம். டெக்சஸ் சட்டம் கேட்பது சந்தை விலை. ஒன்பது பத்து வயதான ஒரு கால்வனைஸ் (துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசிய) ட்ரெய்லர், அதுவும் எப்போதும் நன்னீர் ஏரியில் மட்டும் இறங்கியது, நன்றாகக் கழுவி வைத்திருந்தால் பாதி விலைக்கு விழாது. கடலோரம் கால்வெஸ்டன் பக்கம் உப்புத் தண்ணீரில் இறங்கியது என்றால் கதை வேறு. அங்கே ஐந்து வருடத்தில் பிரேக் குழாய் காகிதம் மாதிரி உதிர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ட்ரெய்லர் லூயிஸ்வில், டெக்சோமா என்று நன்னீரிலேயே இருந்தது என்றால் அதை எழுதிக் கொடுங்கள். சும்மா சொல்லாதீர்கள், ஏரிப் பூங்கா கட்டண ரசீது, போட்டோ என்று இருப்பதை இணையுங்கள்.

இனி உங்கள் எண்ணை நீங்கள் கட்ட வேண்டும். ட்ரெய்லரின் முன்நீட்டத்தில், பொதுவாக இடது பக்கம், ஓர் உலோகத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் 17 இலக்க வின் எண் (வண்டியின் அடையாள எண்), ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு, டயர் அளவு எல்லாம் அச்சாகியிருக்கும். இன்றைக்கே யார்டுக்குப் போய் அதைப் போட்டோ எடுங்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ராக்போர்ட் பக்கம் கரையேறிய பிறகு எத்தனையோ பேர் என்னிடம் “என் ட்ரெய்லர் நல்ல ட்ரெய்லர் சார்” என்று சொன்னார்கள். நல்லதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ட்ரெய்லரையே காணோம், தகட்டின் படமும் இல்லை என்றால் நான் எதை வைத்து விலை போடுவது?

எடைக் கணக்கு முக்கியம், ஏனென்றால் அட்ஜஸ்டரின் 3,300 டாலர் ட்ரெய்லரை விழுத்தாட்டுவது அதுதான். 20 அடி ஃபைபர் படகும் அதன் எஞ்சினும் சுமார் 3,000 பவுண்ட் என்று வையுங்கள். பெட்ரோல் ஒரு கேலன் ஏறக்குறைய 6 பவுண்ட், 40 கேலன் டாங்க் நிரம்பினால் 240. பாட்டரி, நங்கூரம், லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து இன்னொரு 200. ட்ரெய்லரின் சொந்த எடை 800, 900 வரும். கூட்டிப் பார்த்தால் 4,300-ஐ நெருங்கிவிடுகிறது. இதற்குக் குறைவான வரம்புள்ள எந்த ட்ரெய்லரும் உங்களுடையதற்கு ஈடு கிடையாது. இந்தக் கணக்கைப் படகின் கையேட்டிலிருக்கும் எடையை வைத்து நீங்களே போட்டு அனுப்புங்கள்.

அப்புறம் ஒப்பீட்டு விலைகள். டாலஸில் மட்டும் தேடினால் ஒன்றிரண்டுதான் கிடைக்கும். டெக்சஸ் முழுக்க, ஒக்லஹோமா, லூயிசியானா வரை தேடுங்கள். படகு ட்ரெய்லர், ஒற்றை ஆக்சில் (சக்கர அச்சு), 19 முதல் 21 அடி, 2013 முதல் 2017 வரை. நான்கைந்து விளம்பரம் கிடைத்தாலும் போதும். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அடுத்த வாரம் அந்த விளம்பரம் இருக்காது. கூடவே இரண்டு ட்ரெய்லர் கடைகளிடம், “இந்த மாடல், இந்த நிலையில் இருந்திருந்தால் என்ன விலைக்கு விற்றிருப்பீர்கள்?” என்று கடைத் தாளில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். ட்ரெய்லர் கடைக்காரர்கள் பொதுவாக நல்லவர்கள், அதைவிட முக்கியம், புதிதை உங்களிடம் விற்கப் போகிறவர்கள். எழுதித் தருவார்கள். போன வருடம் டயர் மாற்றியிருந்தால் ரசீதை இணையுங்கள். ரசீது இல்லையா? டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2323 என்றிருந்தால் 2023-இன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். அதுவே ரசீது.

இதெல்லாம் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும்? ட்ரெய்லரை நேரில் பார்க்காமல் சொல்கிறேன்: நல்ல நிலையில் இருந்திருந்தால் 3,500-க்கும் 4,200-க்கும் நடுவில் கேட்பதில் தப்பில்லை. அதன் மேல் 6.25 விழுக்காடு டெக்சஸ் வரி. 4,000 டாலர் என்றால் 250. பதிவுக் கட்டணமும் கேளுங்கள். வரியை அவர்களாகச் சேர்த்துக் கொடுத்த கம்பெனிகளை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

வெல்டிங் பேச்சு மறுபடி வந்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ட்ரெய்லரின் கொக்கி முனையிலிருந்து ஆக்சிலின் வலது நுனிக்கு ஒரு டேப், இடது நுனிக்கு ஒரு டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ட்ரெய்லர் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும், ஒரு டயர் சீக்கிரம் தேயும், நெடுஞ்சாலையில் வால் ஆட்டும். லாரியில் பட்டை என்பார்களே, அந்த மாதிரி ஸ்பிரிங் வைத்த ஆக்சில் என்றால் ஆக்சிலையே கழற்றி மாற்றலாம், அது நியாயமான ரிப்பேர். ரப்பர் உள்ளே வைத்த டார்ஷன் ஆக்சிலை நிமிர்த்த முடியாது. சட்டம் வளைந்தது வேறு விஷயம். கால்வனைஸ் சட்டத்தில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்துவிடும், அடுத்த வருடம் துரு அங்கேதான் தொடங்கும். “இந்தச் சட்டத்தை நிமிர்த்தி, பழைய எடை வரம்புக்கு உத்தரவாதம் தருவீர்களா?” என்று ஒரு கடையில் கேளுங்கள். தர மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் ரிப்பேர் பேச்சு அத்தோடு முடிந்தது.

பிரேக் விளக்கு விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். போனில் போகிற போக்கில் சொன்னது போலத் தெரியும், அடுத்த கடிதத்தில் “20 விழுக்காடு உங்கள் தவறு” என்று வந்து நிற்கும். டெக்சஸில் உங்கள் பங்கு எத்தனை விழுக்காடோ அவ்வளவைக் கழிப்பார்கள், 50-ஐத் தாண்டினால் ஒரு காசும் கிடையாது. படகு ட்ரெய்லர் விளக்கு என்பது தண்ணீரில் முங்கி முங்கி எழுவது, எர்த் ஒயர் துருப்பிடித்து எரியாமல் போவது அன்றாடம் நடப்பது, அதனால்தான் அவர்கள் அதைச் சொல்கிறார்கள். யார்டில் உங்கள் வண்டியையோ பன்னிரண்டு வோல்ட் பாட்டரியையோ இணைத்து, உடையாத விளக்கு எரிகிறதா என்று வீடியோ எடுங்கள். இடித்ததில் ஒயர் அறுந்திருந்தால் அறுந்த முனையைக் கிட்டத்தில் எடுங்கள். புது முறிவில் செம்பு பளபளக்கும், பழைய முறிவு பச்சை பூத்திருக்கும். போலீஸ் வந்து எழுதியிருந்தால் சி.ஆர்.-3 என்ற விபத்து அறிக்கை இருக்கும், மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் இணையம் வழியாகவே வாங்கலாம். விளக்கைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை என்றால் அதையே எடுத்துக்காட்டுங்கள். அவர்கள் உங்கள் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டால், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் சொந்தக் கம்பெனிக்கு ஒத்துழைக்க வேண்டும், அது பாலிசி நிபந்தனை. எதிர்த்தரப்புக் கம்பெனிக்கு அந்தக் கடன் உங்களிடம் இல்லை.

இப்போது படகு. பின்னாலிருந்து இடித்த பிக்கப் முதலில் எதைத் தொட்டிருக்கும்? ட்ரெய்லருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது எஞ்சின்தான். எஞ்சினில் விழுந்த அடி டிரான்ஸம் எனப்படும் பின்பலகைக்குப் போகும், அங்கிருந்து படகின் உள்ளே நீளவாக்கில் ஓடும் விட்டங்களுக்குப் போகும். ஃபைபர் உலோகம் மாதிரி நசுங்கிக் காட்டாது. வளைந்து திரும்பப் பழைய இடத்துக்கே வந்துவிடும், உள்ளே அடுக்கு மட்டும் பிரிந்திருக்கும். எஞ்சின் மாட்டிய போல்ட்டுகளைச் சுற்றி நட்சத்திரம் போல மெல்லிய விரிசல் இருக்கிறதா? முன்னால், படகை ட்ரெய்லர் மேல் இழுக்கும் விஞ்ச் கம்பம் சாய்ந்திருக்கிறதா? படகின் மூக்கில் கயிறு மாட்டும் வளையத்தைச் சுற்றி ஏதாவது கீறல்? ஒன்று இருந்தாலும், ஏன், ஒன்றும் இல்லாவிட்டாலும், சாம்ஸ் அல்லது நாம்ஸ் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மரைன் சர்வேயர் (படகைச் சோதித்து அறிக்கை தருபவர்) ஒருவரைக் கூப்பிடுங்கள். சிறு சுத்தியால் தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்தே அடுக்கு பிரிந்த இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது மாதிரிதான். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் க்ளெய்மில் கேளுங்கள். ட்ரெய்லரில் 2,000 டாலருக்குச் சண்டை போட்டு, 12,000 டாலர் பின்பலகையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். படகுக்கு இது தெரியாது, அடுத்த வருடம் ஏரி நடுவில் காட்டிக்கொடுக்கும்.

ட்ரெய்லரை மாட்டும் வண்டியின் ஹிட்சையும் யாராவது மெக்கானிக் கீழே படுத்துப் பார்க்கட்டும். அடி முன்னால் வண்டி வரை வந்திருக்கும்.

யார் பாலிசியில் போவது என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும். வீட்டு இன்சூரன்ஸை மறந்துவிடுங்கள். பரவலாகப் புழங்கும் வீட்டுப் பாலிசி வாசகத்தில் படகு, ட்ரெய்லர், எஞ்சின், சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 1,500 டாலர்தான் உச்சவரம்பு. கார் பாலிசி, ட்ரெய்லரால் மற்றவருக்கு நேரும் சேதத்தைத் தாங்கும். ட்ரெய்லருக்கே நேரும் சேதத்தை, அது பாலிசியில் தனியாகப் பெயர் குறித்திருந்தால் மட்டுமே தாங்கும். உங்கள் படகுப் பாலிசியில் ட்ரெய்லருக்கு 2,500, அதில் டிடக்டிபிள் 500 போனால் கையில் 2,000. அதனால் ட்ரெய்லரை இடித்தவரின் கம்பெனியிடமே கேளுங்கள். 2,000 உங்களுக்கு எப்போதும் இருக்கும் அடித்தளம், அதற்குக் கீழே யார் சொன்னாலும் சிரித்துவிட்டு வைத்துவிடலாம். 1,650 அதற்கும் கீழே என்பதைக் கவனித்தீர்களா?

படகுக்கு அடி என்று சர்வேயர் சொன்னால், அதை உங்கள் சொந்தப் பாலிசியில் போடுவது நல்லது. காரணம், டெக்சஸில் சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கார் இன்சூரன்ஸ் அடுத்தவர் சொத்துக்கு 25,000 டாலர்தான். இடித்தவர் குறைந்தபட்சம்தான் வைத்திருக்கிறார் என்றால், உங்கள் வண்டி, படகு, எஞ்சின், ட்ரெய்லர் நான்கும் அந்த ஒரே சட்டியில்தான் சாப்பிட வேண்டும். சொந்தக் கம்பெனி உங்களுக்குக் கொடுத்துவிட்டு இடித்தவரிடம் வசூலிக்கும், வசூலானால் டிடக்டிபிளும் திரும்பி வரும். இன்னொரு வசதி, சொந்தக் கம்பெனிக்குக் கெடு உண்டு: க்ளெய்ம் வந்ததும் 15 நாளில் ஒப்புகை, கேட்ட தாள் எல்லாம் கிடைத்த பின் 15 வேலை நாளில் முடிவு, தருகிறோம் என்றால் 5 வேலை நாளில் பணம். அடுத்தவர் கம்பெனியிடம் போகும் க்ளெய்முக்கு இந்தக் கெடு பொருந்தாது. படகை ஒரு பக்கம், ட்ரெய்லரை ஒரு பக்கம் என்று பிரிக்கும்போது உங்கள் கம்பெனியிடம் எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

யார்டில் நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். “இன்சூரன்ஸ்காரன் வந்து பார்க்கும் வரை தொடக்கூடாது” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. நஷ்டம் கூடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கும் இருக்கிறது. அட்ஜஸ்டருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: “இந்தத் தேதிக்குள் வந்து பார்த்துவிடுங்கள், அதன் பிறகு படகைப் படகுக் கடைக்கு மாற்றப் போகிறேன், யார்டு வாடகை, மாற்றும் செலவு இரண்டும் உங்கள் கணக்கு.” மாற்றுவதே ஒரு வேலை. அந்த ட்ரெய்லரில் இழுத்துப் போக முடியாது. படகுக் கடைக்காரர்கள் வேறு ட்ரெய்லரோ ஹைட்ராலிக் வண்டியோ கொண்டுவந்து தூக்கிப் போய், அவர்கள் இடத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். ட்ரெய்லருக்கு முழு விலை கொடுத்துவிட்டால் கம்பெனி அந்த இரும்பை எடுத்துக்கொள்ளும், அப்போது படகு எங்கே நிற்கும் என்று அவர்கள் யோசிக்க மாட்டார்கள். நீங்கள் இப்போதே யோசித்துவிட்டால், அந்தச் செலவு அவர்கள் பக்கம் இருக்கும்.

கோடை முழுக்கப் படகை ஓட்ட முடியாமல் போனதற்கும் கேட்கலாம். முன்பெல்லாம் “பொருள் முழுசாகப் போய்விட்டதா, விலையை வாங்கிக்கொள், பயன்படுத்த முடியாத நாட்களுக்குத் தனியாகக் கிடையாது” என்பதுதான் டெக்சஸில் கம்பெனிகளின் வாதம். நானே அப்படி எழுதிய கடிதங்கள் உண்டு. 2016-இல் ஒரு டோ லாரி முழுதாக நொறுங்கிய வழக்கில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. மாற்றுப் பொருள் கிடைக்கும் வரையிலான நியாயமான காலத்துக்குக் கேட்கலாம் என்றது. ‘நியாயமான’ என்பதில்தான் விஷயம். படகுக்குப் பொருந்தும் ட்ரெய்லர் ஆர்டர் செய்து வர ஆறு வாரம் ஆகும் என்று கடை எழுதிக் கொடுத்தால் ஆறு வாரத்துக்கு ட்ரெய்லர் வாடகை கேளுங்கள். ‘ஜாலியாகச் சுற்ற முடியவில்லை’ என்று கேட்டால் எதுவும் வராது.

கழுத்து. அதை நீங்கள் ட்ரெய்லருக்கும் வீட்டு இன்சூரன்ஸுக்கும் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனீர்கள். டாக்டரிடம் போகச் சொல்லுங்கள், இந்த வாரமே. உடல்நலம் முதல் காரணம். இரண்டாவது, ட்ரெய்லர் செக்குடன் வரும் விடுவிப்புப் படிவம். அதில் ‘சொத்துச் சேதம்’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடலாம். ‘இந்த விபத்தால் எழும் எல்லாக் கோரிக்கைகளும்’ என்று இருந்தால் பேனாவை மூடி வையுங்கள். அதே மாதிரி, சர்வேயர் பார்த்து முடிக்கும் வரை, சொத்துச் சேதப் படிவத்திலும் ‘ட்ரெய்லர் மட்டும்’ என்று எழுதி வாங்காமல் போட வேண்டாம். செக்கின் பின்பக்கத்தில் பொடி எழுத்து இருந்தால் அதையும் படியுங்கள். அவசரமே இல்லை: சொத்துக்கும் உடலுக்கும் டெக்சஸில் வழக்குப் போட விபத்து நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு 1,650-லேயே நின்றால்? டெக்சஸ் இன்சூரன்ஸ் துறையின் தளத்தில் புகார் கொடுங்கள், கட்டணம் கிடையாது. துறை உங்களுக்கு விலை நிர்ணயித்துத் தராது, ஆனால் கம்பெனி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், அந்தக் கோப்பு சாதாரண அட்ஜஸ்டர் மேசையிலிருந்து மேலே போகும். மேலே போன கோப்புகளுக்கு வேறு மரியாதை. அதுவும் பலிக்காவிட்டால் சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட், 20,000 டாலர் வரை, வக்கீல் இல்லாமலே நீங்களே போகலாம். ஒன்று நினைவிருக்கட்டும், இங்கே கம்பெனி மேல் வழக்குப் போட முடியாது, இடித்தவர் மேல்தான் போட வேண்டும். சம்மன் போன பிறகு அவர் தன் கம்பெனிக்குப் போன் செய்து கத்துவார் பாருங்கள், அது நீங்கள் எழுதும் பத்துக் கடிதத்துக்குச் சமம். நூற்றுக்கு எத்தனை என்று கணக்கில்லை, என் அனுபவத்தில் பெரும்பாலானவை நீதிபதி முகத்தைப் பார்க்கும் முன்பே முடிந்துவிடும்.

தாள்களை இப்போதே எடுத்து வையுங்கள். டெக்சஸில் படகுக்கும் வெளியில் மாட்டும் எஞ்சினுக்கும் தனித்தனி டைட்டில் (உரிமைப் பத்திரம்), இரண்டும் பூங்கா, வனவிலங்குத் துறை கொடுப்பது. ட்ரெய்லர் மோட்டார் வாகனத் துறையில், கவுண்டி வரி அலுவலகம் வழியாக. மொத்த எடை 4,000 பவுண்டைத் தாண்டினால் ட்ரெய்லருக்கும் டைட்டில் வேண்டும், உங்களுடையது தாண்டுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது படகை மட்டும் பெயர் மாற்றிவிட்டு ட்ரெய்லரை மறந்தவர்கள் ஏராளம். டைட்டிலில் இன்னும் பழைய உரிமையாளர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் செக் எழுதும் நேரத்தில் எல்லாம் நின்றுபோகும், மூன்று வருடத்துக்கு முன்னால் விற்றவரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும்.

பின்குறிப்புக்கு வருகிறேன். பெரிய ட்ரெய்லருக்கான கூடுதல் விலையை யாரும் தர மாட்டார்கள், அது உங்கள் பையிலிருந்து. பணத்தை விடுங்கள், ட்ரெய்லர் என்பது சட்டை மாதிரி இல்லை, செருப்பு மாதிரி. படகின் அடிப்பக்கத்துக்கு ஏற்றபடி அதைத் தாங்கும் பங்க் பலகைகள் அமைய வேண்டும், படகின் பின்பலகை வரை அந்தப் பங்க் பலகைகள் மேல் முழுக்க உட்கார வேண்டும். 24 அடிப் படகுக்கான ட்ரெய்லரில் 20 அடிப் படகை ஏற்றினால் பின்பக்கம் சரியாக உட்கார்ந்தாலும் மூக்கு பாதி வழியில் நிற்கும், கொக்கியின் மேல் விழ வேண்டிய எடை விழாது, நெடுஞ்சாலையில் வால் ஆட்டும். தவிர, மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டும் ட்ரெய்லருக்கு டெக்சஸில் பிரேக் கட்டாயம். இப்போது இருப்பது அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே. பிரேக் வைத்த ட்ரெய்லர் என்றால் அதன் பராமரிப்பு தனி, உங்கள் வண்டியின் இழுவைத் திறனையும் பார்க்க வேண்டும்.

பெரிய படகு வரும்போது அது தன் ட்ரெய்லரோடேயே வரும் என்று அவரிடம் சொல்லுங்கள். புது ட்ரெய்லர் வந்ததும் படகுப் பாலிசியில் அதன் மதிப்பை 2,500-லிருந்து மாற்றி எழுதச் சொல்லுங்கள், வாங்கிய அன்றே.